மனைவிக்கு முடக்கு வாதம்னு சொல்லிட்டாங்களா? முதல் ஒரு வருஷம் கூட இருக்கறவங்க என்ன செய்யணும், முழு வழிகாட்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிசம்பர், டெல்லில நல்ல குளிர். காலைல அஞ்சரை மணிக்கு கிச்சன்ல ஏதோ விழுந்த சத்தம் கேட்டு போய் பார்த்தா என் மனைவி காபி ஃபில்டர் மேல் பாகத்த இழுத்து எடுக்க முடியாம ரெண்டு கையையும் வயித்தோட சேத்து வச்சிக்கிட்டு நிக்கறா, கீழ டிகாக்ஷன் கொட்டி கிடக்கு. "விரல் மடங்கவே மாட்டேங்குதுங்க"ன்னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "குளிருல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் தேய்ச்சி விடு"ன்னு சொல்லிட்டு திரும்ப போய் படுத்துட்டேன். அதுக்கு அப்பறம் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (சுருக்கமா ஆர்ஏ)னு பேர் தெரிய மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாசத்த நெனச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது. அதனாலதான் உக்காந்து இத எழுதறேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை அளவு எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான். ஆனா வீட்டுக்குள்ள கூட இருக்கறவன் என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லல, அத சொல்றேன். நோய் வந்தது கணவருக்குன்னாலும் முக்கால்வாசி இதேதான்.

முதல் படி: இது என்ன நோய்னு நீங்க படிங்க, அவங்கள விளக்க வைக்காதீங்க

நம்ம ஊர்ல இத முடக்கு வாதம்பாங்க, பெரியவங்க சரவாங்கின்னும் சொல்வாங்க. வயசானா முட்டி தேயுது பாருங்க, அது வேற, இது வேற. இது ஆட்டோஇம்யூன், அதாவது கிருமியோட சண்டை போட வேண்டிய நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள்ள இருக்கற சவ்வ தாக்குது, சவ்வு வீங்குது, அப்படியே விட்டா எலும்ப அரிக்குது. ஆண்கள விட பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வரும், முப்பது நாப்பது வயசுலயே வரும். பெரும்பாலும் ரெண்டு கைலயும் ஒரே மாதிரி, விரல் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, கால்ல விரலடி மூட்டு. நகத்துக்கு பக்கத்துல இருக்கற கடைசி மூட்ட பொதுவா விட்டுடும்.

முக்கியமான அடையாளம் காலை விறைப்பு. எழுந்த உடனே கை கால் பிடிச்சிக்கிட்டு அரை மணி ஒரு மணி நேரத்துக்கு மேல விடாது, சிலருக்கு ரெண்டு மணி நேரம் கூட. நடமாட நடமாட கொஞ்சம் இளகும். மத்தியானம் பார்த்தா நல்லா இருக்கற மாதிரி தெரியும், இங்கதான் வீட்டுல இருக்கறவங்க ஏமாந்து போறோம், காலைல முடியலன்னு சொன்னவ சாயங்காலம் மார்க்கெட் போயிட்டு வர்றாளேன்னு ஒரு எண்ணம் வரும். எனக்கும் வந்துச்சு. அது நோயோட நேரக்கணக்கு, அவங்க சாக்கு சொல்லல.

இன்னொன்னு களைப்பு. வேலை செஞ்சதால வர்ற அசதி மாதிரி இல்ல அது, காய்ச்சல் வந்து போன மறுநாள் இருக்குமே அந்த மாதிரி, ஆனா தினமும். உடம்பு முழுக்க அழற்சி ஓடிக்கிட்டு இருக்கு, அதுதான் காரணம்.

ரெண்டாவது படி: ருமட்டாலஜிஸ்ட், அதுவும் சீக்கிரம்

ருமட்டாலஜிஸ்ட்னா இந்த மாதிரி வாத நோய்களுக்குன்னே இருக்கற தனி டாக்டர். எலும்பு டாக்டர்கிட்ட போய் வலி மாத்திரை வாங்கி மாசத்த ஓட்டாதீங்க, நாங்க அப்படித்தான் ஓட்டினோம். அதுலயும் டெல்லில 2016ல சிக்குன்குனியா பெருசா பரவினதுல இருந்து மூட்டு வலின்னாலே "வைரல் காய்ச்சல் வந்துச்சா, தானா போயிடும்"னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்லிடறாங்க. சிக்குன்குனியாவுக்கு அப்பறமும் மாசக்கணக்கா மூட்டு வலி இருக்கறது உண்மைதான், ஆனா வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரத்துக்கு மேல போச்சுன்னா ருமட்டாலஜிஸ்ட் பார்த்தே ஆகணும். எய்ம்ஸ்ல ருமட்டாலஜிக்கு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, ஆன்லைன்ல ஓஆர்எஸ்ங்கற அரசாங்க பதிவு தளம் வழியா அப்பாயின்ட்மென்ட் போடலாம், காத்திருக்க வேண்டி வரும். காத்திருக்க முடியாதவங்க தனியார்ல ஒரு தடவை காட்டி மருந்த ஆரம்பிச்சிட்டு அப்பறம் அங்க மாறிக்கலாம். சென்ட்ரல் கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க சிஜிஎச்எஸ் (அவங்களுக்கான அரசாங்க மருத்துவ திட்டம்) கார்ட எடுத்து தூசி தட்டுங்க.

ஏன் இவ்ளோ அவசரப்படுத்தறேன்னா, ஆரம்பிச்ச முதல் சில மாசத்துக்குள்ள சரியான மருந்து போட்டாதான் எலும்பு அரிக்காம காப்பாத்த முடியும். அரிச்சது திரும்ப வளராது.

ரத்த டெஸ்ட்ல ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி (இந்த நோய தேடற டெஸ்ட்), ஈஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சி எவ்ளோன்னு காட்டற டெஸ்ட்) பாப்பாங்க. ஆர்ஏ ஃபேக்டர் நெகடிவ்னு வந்தாலும் நோய் இருக்கலாம், பாசிடிவ்னு வந்தவங்க எல்லாருக்கும் நோய் இருக்குன்னும் அர்த்தம் இல்ல, அதனால ரிப்போர்ட்ட வாங்கிட்டு நீங்களே முடிவுக்கு வராதீங்க. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஈரல், கிட்னி, ஹெபடைட்டிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரேன்னு ஒரு வரிசையா எழுதுவாங்க, எதுக்கு இவ்ளோன்னு சலிச்சிக்காம எடுத்துடுங்க.

மூணாவது படி: டாக்டர் ரூம்ல அவங்க பேசட்டும்

முதல் தடவை டாக்டர் ஹிந்தில கேட்க கேட்க நானே எல்லாத்துக்கும் பதில் சொன்னேன், அவளுக்கு ஹிந்தி தடுமாறும்னு. "காலைல எவ்ளோ நேரம் விறைப்பு இருக்கும்?"னு கேட்டாங்க, நான் "பத்து நிமிஷம்"னேன். வெளிய வந்தப்பறம்தான் சொன்னா, ஒன்றரை மணி நேரம்னு. பத்து நிமிஷத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் வைத்தியமே மாறும். அன்னைக்கு ராத்திரி உக்காந்து மூணு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன், விறைப்புக்கு ஜக்கடன், வீக்கத்துக்கு சூஜன், வலிக்கு தர்த். அடுத்த தடவை அவளே பேசினா, நான் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டேன். உங்க வேலை எழுதறதுதான், அவங்க மறந்தத ஞாபகப்படுத்தறதுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலை விறைப்பு எத்தன நிமிஷம், எந்த விரல் வீங்கி இருக்கு, எந்த மாத்திரை விட்டுப்போச்சு, கேட்க வேண்டிய கேள்வி. வீங்கி இருக்கற அன்னைக்கே கைய மொபைல்ல போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா அப்பாயின்ட்மென்ட் அன்னைக்கு பார்த்து வீக்கம் வடிஞ்சிருக்கும், டாக்டர் நம்பலையோன்னு அவங்க மனசு கஷ்டப்படும். டாக்டர் ஒவ்வொரு மூட்டா அழுத்தி பார்த்து எண்ணுவாங்க, மொத்தம் 28 மூட்டு, அதோட ரத்த டெஸ்ட்டும் சேத்து ஒரு ஸ்கோர் போடுவாங்க. அந்த நம்பர் என்னன்னு கேட்டு நோட்டுல எழுதுங்க. நோய் அடங்கற அளவுக்கு அந்த நம்பர் இறங்கணும், அதுதான் குறி. மூணு மாசத்துல கொஞ்சமும் இறங்கல, ஆறு மாசத்துல குறிக்கு வரலன்னா மருந்த மாத்தணும், அத நீங்க தயங்காம கேட்கலாம்.

நாலாவது படி: வாரம் ஒரு தடவை மாத்திரை (இத மட்டும் ரெண்டு தடவை படிங்க)

பெரும்பாலானவங்களுக்கு முதல்ல கொடுக்கறது மெத்தோட்ரெக்ஸேட். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடற மருந்து. தினமும் இல்ல. நம்ம வீடுகள்ல பிபி மாத்திரை சுகர் மாத்திரை எல்லாம் தினம் போட்டு பழகின கை, இதயும் தினம் எடுத்து போட்டுடுவாங்க, அப்படி சில நாள் போட்டாலே வாய் முழுக்க புண்ணாகி, ரத்த அணு எல்லாம் இறங்கி உயிருக்கே ஆபத்து ஆகும். பயமுறுத்த சொல்லல, நடக்கற விஷயம்.

நாங்க சனிக்கிழமை ராத்திரிய வச்சிக்கிட்டோம், ஏன்னா மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், ஞாயித்துக்கிழமை படுத்துக்கலாம். ஊர்ல இருந்து வர்ற தினசரி கிழிக்கற காலண்டர் இருக்குல்ல, வருஷம் பொறந்த உடனே எல்லா சனிக்கிழமை தாள்லயும் சிவப்பு பேனால "மெ"ன்னு எழுதிட்டேன், போட்டதும் டிக். அந்த டப்பாவ மத்த மாத்திரையோட வைக்கறதில்ல, தனி டப்பா, தனி அலமாரி. இன்னொரு குழப்பம், கூட கொடுக்கற ஃபோலிக் ஆசிட்டும் இதுவும் பல கம்பெனில ரெண்டுமே சின்ன மஞ்ச மாத்திரை, அட்டைல பேர படிக்காம கைல எடுக்காதீங்க. ஃபோலிக் ஆசிட் எந்த நாள், எத்தனன்னு டாக்டர் எழுதினபடி, அத விட்டுடக்கூடாது, குமட்டலும் வாய்ப்புண்ணும் குறையறது அதனாலதான்.

கடைல வாங்கும்போது மில்லிகிராம் பாருங்க. 2.5, 5, 7.5, 10ன்னு இருக்கு. 2.5ல ஆறு போடறவங்களுக்கு 15 மில்லிகிராம், அதே ஆறு மாத்திரை 10ல போட்டா 60. கடைக்காரர் "ஸ்டாக் இல்ல, இது எடுத்துக்கோங்க"ன்னு மாத்தி கொடுத்தா வாங்காதீங்க.

பலன் தெரிய ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும். இந்த இடத்துலதான் நிறைய பேர் "மருந்து வேலை செய்யல"ன்னு நிறுத்திடறாங்க, நாலாவது வாரம் என் மனைவியும் டப்பாவ தூக்கி வச்சிட்டா. அந்த இடைவெளிய தாண்ட டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுப்பாங்க, அது போட்ட ரெண்டு நாள்ல வலி பறந்துடும், "இதயே கொடுங்க டாக்டர்"னு கேட்க தோணும். அது பாலம் மாதிரிதான், அதுலயே குடியிருக்க முடியாது, எலும்பு சுகர் எல்லாத்தயும் பாதிக்கும். அதே சமயம் திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொன்னபடி படிப்படியா குறைக்கணும்.

ரத்த டெஸ்ட் தேதி உங்க பொறுப்பு. சிபிசி (ரத்த அணு), எல்எஃப்டி (ஈரல்), கிரியேட்டினின் (கிட்னி), ஆரம்பத்துல ரெண்டு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, அப்பறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின்னு இந்த நோய்க்கான இன்னொரு மாத்திரை சேத்து கொடுத்திருந்தா முதல் வருஷத்துல ஒரு தடவை கண் விழித்திரை டெஸ்ட், அஞ்சு வருஷத்துக்கு அப்பறம் வருஷா வருஷம். மது வேண்டாம், ஈரலுக்கு ரெட்டை சுமை. யூரின் இன்ஃபெக்ஷன்னு வேற டாக்டர்கிட்ட போனா "மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கறாங்க"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, கோட்ரைமாக்சசோல்னு ஒரு சாதாரண ஆன்டிபயாடிக் இருக்கு, இதோட சேந்தா எலும்பு மஜ்ஜையே பாதிக்கும். மே மாச வெயில்ல வாந்தி பேதின்னு உடம்புல தண்ணி வத்தி போயிருந்தாலும் அந்த வாரம் போடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் பண்ணுங்க.

அஞ்சாவது படி: காலை நேரத்த நீங்க எடுத்துக்கோங்க

இந்த கட்டுரைல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும். இந்த நோய் வந்து உக்காந்திருக்கறது காலைல. நம்ம வீட்டு காலை யார் தலைல இருக்கு? பால் காய்ச்சறது, டிகாக்ஷன், இட்லி ஊத்தறது, சட்னி, டிபன் பாக்ஸ், புள்ளைக்கு தலை பின்னறது, எல்லாம் அவங்க தலைல. நாள் முழுக்கலயும் அவங்க கை வேலையே செய்யாத ரெண்டு மணி நேரத்துல வீட்டோட மொத்த கை வேலையும் வந்து விழுது. நான் முதல்ல என்ன பண்ணேன்னா சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து பாத்திரம் தேய்ச்சேன், நைட் சப்பாத்தி போட்டேன், ரொம்ப ஹெல்ப் பண்றதா நெனச்சிக்கிட்டேன். சாயங்காலம் அவளே பண்ணிடுவா, அவளுக்கு தேவைப்பட்டது காலை அஞ்சுல இருந்து ஏழு.

அவ ஸ்கூல் டீச்சர், ஏழு மணிக்கு வேன். எப்படி மாத்தினோம்னு சொல்றேன். அலாரம் நாலே முக்காலுக்கு, எனக்கு மட்டும். எழுந்த உடனே கீசர் போடறது, பால் வைக்கறது, ஒரு அகலமான பேசின்ல கை பொறுக்கற சூட்டுல தண்ணி. அஞ்சு மணிக்கு அவள எழுப்பி காபி கொடுத்துட்டு பேசின கட்டில் பக்கத்துல வைப்பேன், பத்து நிமிஷம் கைய தண்ணிக்குள்ள வச்சிக்கிட்டு மெதுவா விரல விரிச்சு மடக்குவா. விறைப்புக்கு சூடு நல்லது, ஆனா மூட்டு நெருப்பு மாதிரி கொதிச்சு வீங்கி இருந்தா ஐஸ் ஒத்தடம்தான், துணில சுத்தி. அப்பறம் வெந்நீர் குளியல். அதுக்குள்ள நான் இட்லி ஊத்தி வச்சிடுவேன். சட்னி முதல் நாள் சாயங்காலமே அவ அரைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சிடுவா, தாளிக்கறது மட்டும் காலைல. பொண்ணுக்கு தலை பின்ன நான் கத்துக்கிட்டேன், மூணு வாரம் ஆச்சு ஒழுங்கா வர. இப்ப அவளுக்கும் நானேதான் பின்னி விடறேன், சேஃப்டி பின் குத்தி விடறேன், பின்னாடி கொக்கி போட்டு விடறேன். இதெல்லாம் கேட்க அவங்களுக்கு கூச்சமா இருக்கும், நீங்களே போய் நில்லுங்க.

காசு செலவு பண்ணணும்னா இந்த நேரத்துக்கு பண்ணுங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவ பத்து மணிக்கு பதிலா காலைல ஆறுக்கு ஒரு மணி நேரம் வர முடியுமான்னு கேளுங்க. ஸ்கூல்ல முதல் பீரியட் மட்டும் மாத்தி தர முடியுமான்னு அவ பிரின்சிபால்கிட்ட டாக்டர் லெட்டரோட கேட்டா, மாத்தி கொடுத்தாங்க, கேட்காம நாலு மாசம் கஷ்டப்பட்டதுதான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. கைல இருந்து எல்லாத்தயும் பிடுங்காதீங்க. நான் நடுவுல கொஞ்ச நாள் அப்படி பண்ணேன், "நீ விடு, நீ விடு"ன்னு. ஒரு நாள் அழுதுட்டே சொன்னா, "என்ன உக்கார வச்சி பார்சல் பண்ணி வச்சிட்டீங்க"ன்னு. மூட்டு அசையணும், அசையாம வச்சா தசை மெலிஞ்சு இன்னும் மோசமாகும். எது முடியும் எது முடியாதுன்னு அன்னன்னைக்கு அவங்கதான் சொல்லணும். நாங்க ஒரு நம்பர் வச்சிருக்கோம், காலைல எழுந்ததும் பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்வா, மூணுன்னா அவளே தோசை ஊத்துவா, ஏழுன்னா நான் ஒண்ணும் கேட்காம எடுத்துப்பேன். "எப்படி இருக்கு, பரவாயில்லயா"ன்னு மணிக்கொரு தடவை கேட்கறது அதோட நின்னுச்சு, ரெண்டு பேருக்கும் நிம்மதி.

ஆறாவது படி: வீட்டு சாமான்

விரல் நுனியால பிடிக்கற, முறுக்கற, பிழியற வேலைதான் எதிரி. உள்ளங்கை, முழங்கை, தோள் தாங்கற மாதிரி மாத்தணும். குழாய திருகற மாடல்ல இருந்து நெம்புற மாடலுக்கு மாத்தினோம், பிளம்பருக்கு அரை நாள் வேலை. ஐஎன்ஏ மார்க்கெட்ல தேங்காய் வாங்கும்போதே துருவி வாங்கிக்கறோம், அரிவாள்மனை பரண் மேல போயிடுச்சு. புளி கரைச்சு பிழியறது நான் ஞாயித்துக்கிழமை மொத்தமா பண்ணி வடிகட்டி ஃபிரிட்ஜ்ல வைக்கறேன். கிரைண்டர் குடத்த தூக்கி சாய்க்கறது, நிறைஞ்ச குக்கர இறக்கறது, துணி பிழியறது, முறுக்கு அச்சு திருகறது, இந்த நாலும் இனிமே என் வேலை, தீபாவளிக்கும் சரி. கடாய ரெண்டு கைலயும் பிடிச்சு தூக்கணும். கத்தி, கரண்டி, பேனா பிடிய தடியா பண்ணிக்கிட்டா பிடிக்க சுலபம், பழைய துணிய சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாலே போதும்.

மோதிரம், மெட்டி ரெண்டயும் வீக்கம் வடிஞ்ச ஒரு நாள் பார்த்து முதல்லயே கழட்டி வச்சிடுங்க. என் மனைவிக்கு கால் விரல் வீங்கி மெட்டி இறுகி சதைல பதிஞ்சே போச்சு, சோப்பு நுரை போட்டு அரை மணி நேரம் போராடி எடுத்தேன், மெட்டிய கழட்டறதான்னு அவளே அழுதா. அத்தைக்கு நானே போன் பண்ணி சொல்லிட்டேன், "அத்தை, கால் வீக்கம் வடியட்டும், அதுவரைக்கும் சாமி ரூம்ல இருக்கட்டும், நான்தான் கழட்ட சொன்னேன்"னு. அந்த போன கணவன்தான் பண்ணணும், மனைவிய பண்ண விடாதீங்க.

ஏழாவது படி: ஆளுக்கொரு வைத்தியம் சொல்ற சொந்தம்

முடக்கத்தான் தோசை சாப்பிடுங்க, தாராளமா, நல்ல கீரை. ஆனா அத சாப்பிட்டுட்டு மெத்தோட்ரெக்ஸேட்ட நிறுத்த சொன்னா அங்க நீங்க குறுக்க நிக்கணும். சீந்தில் கொடிக்கு ரொம்ப ஜாக்கிரதை, இங்க கிலோய்னு எல்லா கடைலயும் ஜூஸா விக்கறாங்க. எதிர்ப்பு சக்திய தூண்டும்னு சொல்லித்தான் விக்கறாங்க, இந்த நோயே எதிர்ப்பு சக்தி தறிகெட்டு ஓடறதுதான். கொரோனா சமயத்துல கிலோய் குடிச்சு ஈரல் பாதிச்சவங்கள பத்தி மும்பை டாக்டர்கள் 2021ல எழுதினாங்க. பேர் போடாத பொட்டலத்துல வர்ற சூரணம் போட்ட ரெண்டே நாள்ல வலி சுத்தமா போச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

சாப்பாட்டுல "தக்காளி ஆகாது, பருப்பு ஆகாது, தயிர் ஆகாது"ன்னு ஒரு பட்டியல் வரும். அதுல பாதி யூரிக் ஆசிட் நோய்க்கு சொல்றது, அது வேற நோய். ஏதாவது ஒண்ணு சாப்பிட்டா அவங்களுக்கே ஒத்துக்கலன்னு தெரிஞ்சா விடலாம், மத்தபடி காய், பழம், மீன், பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடட்டும், எடை மட்டும் ஏறாம பாத்துக்கோங்க. இவ்ளோ மாத்திரை போடற உடம்ப பத்தியம்னு பட்டினி போட்டா தாங்காது.

எட்டாவது படி: டெல்லி காத்தும் குளிரும்

குளிர்ல விறைப்பு ஜாஸ்தியா தெரியும். உல்லன் கிளவுஸ் ராத்திரி தூங்கும்போதே போட்டுக்கலாம், ரஜாய் (இங்க போத்திக்கற பஞ்சு போர்வை) ரொம்ப கனம்னா அத விலக்கவே கை வலிக்கும், ரெண்டு மெல்லிய கம்பளி நல்லது. நவம்பர்ல இங்க எல்லாருக்கும் இருமல், அதனால ஒரு விஷயம் தப்பிப் போயிடும். இந்த நோயும் நுரையீரல தொடும், மெத்தோட்ரெக்ஸேட்டும் அபூர்வமா நுரையீரல்ல அழற்சி கொண்டு வரும். புதுசா வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னா "பொல்யூஷன்"னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுல யார் சிகரெட் பிடிச்சாலும் நிறுத்தணும், புகை இந்த நோய மோசமாக்கும், மருந்தோட வேலையயும் கெடுக்கும்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், நிமோனியா ஊசியும் கேளுங்க. உயிருள்ள கிருமி போட்ட தடுப்பூசிகள டாக்டர கேட்காம போடக்கூடாது. மாத்திரை போதாம பயாலாஜிக் ஊசிக்கு (எதிர்ப்பு சக்தியோட குறிப்பிட்ட பகுதிய அடக்கற மருந்து) போற நிலைமை வந்தா முன்னாடி டிபி டெஸ்ட் கண்டிப்பா பாப்பாங்க, நம்ம நாட்டுல உடம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கற டிபி நிறைய பேருக்கு உண்டு, அந்த ஊசி அத எழுப்பி விட்டுடலாம்.

ஒன்பதாவது படி: கதவ சாத்திட்டு பேச வேண்டியது

குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும்போது கர்ப்பம் ஆகவே கூடாது, சிசுவுக்கு ஊனம் வரலாம், சில மாசம் முன்னாடியே டாக்டர் சொல்லி நிறுத்தணும். கர்ப்பத்துல எடுத்துக்கக்கூடிய வேற மருந்துகள் இருக்கு, அதனால குழந்தையே கூடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆண் நோயாளின்னா சல்ஃபாசலசின்னு இந்த நோய்க்கு கொடுக்கற ஒரு மாத்திரை விந்தணு எண்ணிக்கைய குறைக்கும், நிறுத்தினா திரும்ப வந்துடும்.

தாம்பத்தியம் பத்தி யாரும் பேசறதில்ல. ராத்திரி அசதி, காலைல விறைப்பு, நடுவுல "இவருக்கு நம்மள பிடிக்காம போயிடுமோ"ன்னு அவங்களுக்கு ஒரு பயம், "வலிக்குமோ"ன்னு நமக்கு ஒரு பயம், ரெண்டு பேரும் முதுக காட்டி படுத்துடறோம். நாங்க மாசக்கணக்கா அப்படி இருந்தோம். வாய விட்டு பேசினதுக்கு அப்பறம்தான் சரியாச்சு. உடம்பு இளகியிருக்கற நேரம் பார்த்து, தலகாணி வச்சு, மணிக்கட்டுல பாரம் விழாம இருக்கலாம். ஒண்ணும் இல்லாட்டியும் கைய மெதுவா பிடிச்சிக்கிட்டு படுத்திருக்கலாம், அழுத்தாம.

பத்தாவது படி: ரெண்டு பேர் மனசும்

இந்த நோயோட மனச்சோர்வு கூடவே வரும், சாதாரண வருத்தம்னு தள்ளிடாதீங்க. தூக்கமே இல்ல, பிடிச்ச சீரியல் கூட பாக்கறதில்ல, புள்ளைகிட்ட கூட பேசறதில்லன்னு ரெண்டு வாரம் தொடர்ந்தா டாக்டர்கிட்ட அதயும் சொல்லுங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416க்கு எந்நேரமும் போன் பண்ணலாம், இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

உங்களுக்கும் கோவம் வரும். ஒரு நாள் ஆபீஸ்ல பிரச்சனை, வீட்டுக்கு வந்தா அவ படுத்திருந்தா, "எப்பவும் இதேதானா"ன்னு கேட்டுட்டேன். அந்த வார்த்தை இன்னும் எங்களுக்குள்ள இருக்கு. மன்னிப்பு கேட்டேன், அதோட வாரத்துல ஒரு நாள் காலைல ஒரு மணி நேரம் எனக்குன்னு எடுத்து நடக்க போறேன், அன்னைக்கு பக்கத்து பிளாக்ல இருக்கற தோழி வந்து பாத்துக்கறாங்க. பொண்ணுகிட்டயும் மறைக்கல, "அம்மா கைக்குள்ள வீக்கம், இழுக்காத, தொத்து நோய் இல்ல"ன்னு சொன்னோம். ஒன்பது வயசு, இப்ப டப்பா மூடி திறக்கறது அவ டிபார்ட்மென்ட்.

பதினொன்னாவது படி: திடீர்னு மோசமான அன்னைக்கு

நல்லா இருந்த உடம்பு திடீர்னு கொதிச்சு வீங்கும், ஃப்ளேர்னு சொல்வாங்க. அது வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட "ஃப்ளேர் வந்தா எந்த மாத்திரை, எத்தன நாள்"னு எழுதி வாங்கிக்கோங்க. ஃப்ரீசர்ல ரெண்டு நாள் சாப்பாடு, புள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஒரு ஆள், இது ரெண்டும் ரெடியா இருக்கணும்.

காய்ச்சல், வாய்ப்புண், காரணம் இல்லாம உடம்புல நீலம் பூத்தது, கண் மஞ்சள், மூச்சு திணறல், இதுல எது வந்தாலும் அடுத்த டோஸ போடாம உடனே டாக்டர்கிட்ட. ஒரே ஒரு மூட்டு மட்டும் பயங்கரமா வீங்கி சிவந்து காய்ச்சலோட இருந்தா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கலாம், ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போங்க. வேற எதுக்காவது ஆபரேஷன்னா மயக்க மருந்து டாக்டர்கிட்ட ஆர்ஏ இருக்குன்னு சொல்லுங்க, கழுத்தெலும்பு முன்கூட்டியே பாக்க வேண்டி இருக்கும்.

கடைசி படி: பணம், பேப்பர்

சாதாரண மாத்திரைங்க விலை தாங்கக்கூடியதுதான், ஜன் ஔஷதின்னு அரசாங்கத்தோட மலிவு விலை மருந்து கடைல கேட்டு பாருங்க, இன்னும் குறையும். பயாலாஜிக் ஊசிதான் பெரிய செலவு, இப்ப இந்தியாவுலயே தயாரிக்கற பயோசிமிலர் (அந்த ஊசி மாதிரியே வேலை செய்யற மாற்று மருந்து) இருக்கு, டாக்டர்கிட்ட கேட்கலாம். புதுசா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தா நோய மறைக்காதீங்க, மறைச்சா க்ளெய்ம் நேரத்துல மொத்தமா கைய விரிச்சிடுவாங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கு காத்திருப்பு காலம் அதிகபட்சம் மூணு வருஷம்தான்னு 2024ல மாத்திட்டாங்க, அதனால எவ்ளோ சீக்கிரம் எடுக்கறீங்களோ அவ்ளோ நல்லது. ஆபீஸ் குரூப் பாலிசில பெரும்பாலும் அந்த காத்திருப்பு இருக்காது, எச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க. ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா ஒரே ஃபைல்ல இருக்கட்டும், மருந்து கடை பில் தெர்மல் பேப்பர்ல வரும், சில மாசத்துல எழுத்தே மறைஞ்சிடும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சிடுங்க.